ஆடித் தள்ளுபடியில் தண்ணீர் குடித்த பெண்கள்

1

போன வாரம் எங்கள் தெருவில் எல்லோருடைய கைபேசிக்கும் நகராட்சியிலிருந்து ஒரு செய்தி வந்தது. குழாயில் பழுது பார்க்கிறோம், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை தண்ணீர் வராது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு வருத்தம் தெரிவிக்கிற ஊர் இது. நார்வே நாட்டில் பெர்கன் என்று பெயர். இங்கே மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

செய்தி வந்த அன்று இரவே வேலையை ஆரம்பித்துவிட்டேன். குக்கர், இட்லிப் பானை, மூன்று வாளி, பூச்சாடி, கடைசியில் குளியல் தொட்டி, எல்லாவற்றிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர். என் கணவர் ரவி காட்டுப்பள்ளியில் கப்பலுக்குக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தவர், இங்கேயும் அதே வேலை. தண்ணீரும் குழாயும் அவருக்குத் தெரியும். "தேவி, மூணே மணி நேரம். அதுவும் நீ வேலைக்குப் போற நேரம்" என்றார். நான் காதில் வாங்கவில்லை. மகள் கயல்விழிக்கு எட்டு வயது. தொட்டியைப் படம் பிடித்து வகுப்புத் தோழிகளுக்கெல்லாம் காட்டிவிட்டாள். சொன்ன நேரத்துக்கு முன்பே பதினொன்றே காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. பிடித்து வைத்ததைக் கொட்ட மனசு வரவில்லை. இரண்டு நாள் ஜன்னலாகத் துடைத்துத் தீர்த்தேன்.

காலடிப்பேட்டையில் பிறந்தவள் தண்ணீரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் லாரி, குடம், சண்டை என்றுதான் எழுதுவாள் என்று நினைப்பீர்கள். அந்தச் சண்டையில் நான் கெட்டிக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று அதை எழுத வரவில்லை. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் குடிக்காமல் இருந்த கதை ஒன்று இருக்கிறது. அதற்கு என் தங்கை மகேஸ்வரி ஒரு முடிவு கட்டியிருக்கிறாள். இங்கே அதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. உங்களுக்குப் புரியும், அதனால் எழுதுகிறேன்.

2

வண்ணாரப்பேட்டையில் மூன்று மாடி ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கே இரண்டாவது மாடியில், நைட்டி உள்பாவாடைப் பிரிவில், ஆறு வருஷம் நின்றேன். வேலை பார்த்தேன் என்று எழுதலாம்தான். நின்றேன் என்பதே சரி.

கழிப்பறை மூன்றாவது மாடியில், சரக்கு அறைக்குப் பின்னால் இருந்தது. ஒன்றே ஒன்று. வாடிக்கையாளர்கள் போய் அசிங்கம் பண்ணிவிடுவார்கள் என்று எப்போதும் பூட்டியிருக்கும். சாவி கீழே கல்லாவில், முதலாளி அண்ணாச்சியின் கைக்குப் பக்கத்தில். தொலைந்துவிடக் கூடாதென்று பூரிக்கட்டை அளவுக்கு ஒரு மரக்கட்டையை அதில் கட்டியிருப்பார்கள். சாவி வேண்டுமென்றால் இரண்டு மாடி இறங்கி, பில் போட நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் போய் "அண்ணாச்சி, சாவி" என்று கேட்க வேண்டும். அவர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார். அப்புறம் நம்மைப் பார்ப்பார். "இப்பத்தான ஒருத்தி வாங்கிட்டுப் போனா?" என்பார். கெட்ட மனுஷர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் கல்யாணத்துக்குத் தன் கையால் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தவர். ஆனால் அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் சட்டைப் பிரிவைத் தாண்டி மூன்று மாடி ஏறுகிற பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. சட்டைப் பிரிவில் யாராவது ஒருவன் வேண்டுமென்றே இருமுவான்.

ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். குடித்தால்தானே போக வேண்டும்? காலையில் வீட்டில் அரை டம்ளர் டீ. அதோடு சரி. மதியச் சாப்பாட்டில் ரசம் கூடாது, மோர் கூடவே கூடாது. காரக்குழம்பு, வறுவல், பொடி இட்லி. தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. மாலை நான்கு மணிக்கு எல்லோருக்கும் தலைவலி வரும். டியூப் லைட் வெளிச்சத்தால் வருகிறது என்று நம்பினோம். உள்பாவாடை அடுக்குக்குக் கீழே தலைவலி மாத்திரை அட்டை ஒன்று எப்போதும் இருக்கும், பொதுச் சொத்து. நீர்க்கடுப்பு வந்தால் உடம்புச் சூடு என்போம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெந்தயத்தை விழுங்கி, திங்கட்கிழமை மறுபடியும் காய்ந்துபோய் நிற்போம்.

கல்யாணம் முடிவானதும் என் இடத்துக்கு மகேசைச் சேர்த்துவிட்டேன். ஒரு வாரம் பக்கத்தில் நிறுத்திப் பாடம் நடத்தினேன். நைட்டியை எப்படி உதறுவது, விலை கேட்பவளின் கண் எந்த அடுக்கில் நிற்கிறது என்று எப்படிப் பார்ப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கூடவே இதையும்.

"தாகம் எட்த்தா இன்னாக்கா பண்றது?" என்று கேட்டாள்.

"கிராம்ப கட்ச்சிக்கோ. நாக்கு மரத்துப் பூடும்."

"மயக்கம் வராதா?"

"ஆறு வர்சமா நா இன்னா செத்தா பூட்டேன்?"

அவள் தலையாட்டினாள். நான் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

3

பெர்கனில் எனக்கு ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் மாதம், ஒரு நாள் அடக்க முடியாமல் தலைமை ஆசிரியை இங்கரிடம் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை நார்வேஜிய மொழியில் "நான் போகலாமா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஐயோ, உடம்பு சரியில்லையா? போ, போ" என்று முதுகில் தட்டி, ஒரு படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டார். உடல்நலக் குறைவுக்கான விடுப்பு அறிவிப்பு. எங்கே போக வேண்டும் என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, வெட்கம் வேறு. பெயர், அடையாள எண், நோய் தொடங்கிய நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு ஒரு நாள் லீவு வாங்கிய ஆள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் கவனித்தேன். மூன்று வயதுப் பிள்ளைகள் விளையாட்டைப் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள், வருகிறார்கள். யாரையும் கேட்பதில்லை. ஆனாலும் என் பழக்கம் என்னை விடவில்லை. வேலைக்குப் போனால் வாய் தானாகவே மூடிக்கொள்ளும்.

இரண்டாவது வருஷம் இடுப்பில் ஒரு வலி வந்தது. கயல் பிறந்த வலியே பரவாயில்லை என்று நினைத்தேன். மருத்துவமனையில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பியைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார்கள். "வேலை நேரத்தில எத்தினை தரம் கழிப்பறைக்குப் போறனீங்கள் எண்டு டொக்டர் கேக்கிறா" என்றார் அவர்.

"ஒரு தடவைகூடப் போக மாட்டேன்" என்றேன். மதிப்பெண் சொல்கிற மாதிரிப் பெருமையாகச் சொன்னேன்.

அவர் உடனே மொழிபெயர்க்கவில்லை. "அக்கா, மெய்யாத்தானோ?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகுதான் மொழிபெயர்த்தார்.

அந்த டாக்டர் அம்மாள் கத்தவில்லை. ஒரு காகிதத்தில் சிறுநீரகத்தை வரைந்து, அதில் கல் இருக்கிற இடத்தைக் காட்டினார். சோறும் குழம்பும் போலத் தண்ணீரும் உணவுதான், அதில்லாமல் மற்ற உணவு எதுவும் உடம்பில் போய்ச் சேராது என்றார். ரத்தம் ஓட, சூடு தணிய, கழிவு வெளியேற, குடல் வேலை செய்ய, எல்லாவற்றுக்கும் அதுவே வேண்டும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் குழம்பு மாதிரிச் சுண்டி உப்பு கல்லாகிறது, அடக்கி வைத்தால் கிருமி தங்குகிறது. நான்கு மணித் தலைவலிக்கும் காரணம் அதுவாக இருந்திருக்கலாம் என்றார். டியூப் லைட்டை ஆறு வருஷம் திட்டியிருக்கிறேன். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே, நிறத்தைப் பார், வைக்கோல் நிறத்தில் போனால் நல்லது, டீ நிறத்தில் போனால் குடி என்றார். இவ்வளவுதான் விஷயம். முப்பது வயதுவரை எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

என் கல் கரைந்து போனது. நானும் திருந்தினேன். ஆனால் நான் பாடம் நடத்திவிட்டு வந்த மாணவி அங்கே நின்றுகொண்டிருக்கிறாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

4

இந்த வருஷம் தை மாதத்தில் மகேசுக்குக் குளிர் காய்ச்சல். இடுப்பில் கை வைக்க முடியவில்லை. ராயபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகத்தில் கல், அதற்கு மேல் கிருமித் தொற்று, வலது பக்கம் வீங்கியிருக்கிறது என்றார்கள். மறுபடி ஒரு தடவை இப்படி வந்தால் அந்தச் சிறுநீரகம் தேறுவது கஷ்டம் என்றும் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நான்கு நாள் ரோட்டில். இரண்டு பிள்ளைகள். வேலையை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் எது என்றாலும் ஒரு பொருளை அனுப்பித் தீர்த்துவிடலாம் என்று நினைப்போம். நான் உடனே அவள் வீட்டுக்கு நல்ல தண்ணீர் சுத்திகரிப்பு மிஷின் ஒன்று வாங்கி மாட்ட ஏற்பாடு செய்தேன். ஊருக்குப் போன ஒருவரிடம் ஒரு பாட்டிலும் கொடுத்தனுப்பினேன். அதில் பத்து மணி, பன்னிரண்டு மணி என்று கோடு போட்டிருக்கும், அந்தந்த நேரத்துக்கு அந்தக் கோடுவரை குடிக்க வேண்டும். தினமும் கூப்பிட்டுக் கேட்பேன். "குட்ச்சியா?" "குட்ச்சேங்க்கா." எனக்குப் பரம திருப்தி.

கயலுக்குத் தமிழ் சொற்பம். என்னிடமே நார்வேஜிய மொழியில்தான் பேசுவாள், சித்தியிடம் நான்கு தமிழ் வார்த்தை பேசிவிட்டு ஓடிவிடுவாள். ஒரு நாள் வீடியோவில் அவள்தான் பார்த்தாள். மகேஸ் அப்போதுதான் மெட்ரோவில் இறங்கி வீட்டுக்கு வந்து பையை மேசைமேல் வைத்திருந்தாள். "சித்தி, பாட்டில் ஃபுல்லா இருக்கு" என்றாள் கயல்.

மகேஸ் பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளை கூப்பிடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

சித்தி ஏன் குடிக்கவில்லை என்று கயல் கேட்டாள். சாவியை, கட்டையை, கடிகாரத்தைப் பார்க்கிற அண்ணாச்சியை எல்லாம் அவள் மொழியில் சொல்லப் பார்த்தேன். கட்டைக்கு வார்த்தை தெரியாமல் கையால் அளவு காட்டினேன். அவள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்று கேட்டாள். "அவர்கள் எல்லாரும் என்ன தப்பு செய்தார்கள்?"

தண்டனை என்று நினைத்துவிட்டாள் குழந்தை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தண்டனைதானே அது? நான் அந்தத் தண்டனையை ஆறு வருஷம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருக்கிறேன். அதைத் தங்கைக்குச் சீதனமாகவும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

5

மறுநாள் கூப்பிட்டேன். "மகேசு, நா உனுக்குக் கத்துக் குட்த்தது தப்பு. என்னாலதான் உனுக்கு இப்பிடி ஆச்சி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. "இப்ப சொல்றியா? மிஷின் அனுப்ன, பாட்டில் அனுப்ன. தண்ணி இல்லாமயா நா கீறேன்? கடையில கேன் கேனா கீது. குட்ச்சிட்டு எங்கக்கா போவேன்? அத்த சொல்லு மொதல்ல."

அதோடு அவள் விடவில்லை.

"அங்க குந்திகினு குட்ச்சியா குட்ச்சியான்னு டெய்லி ஒரே பேஜாரு. வெய்யி போன."

வைத்துவிட்டாள். அப்புறம் இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை. நான் என்னென்னவோ நினைத்தேன். மறுபடி காய்ச்சலோ, ஆஸ்பத்திரியோ என்று பயந்து அவள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நல்லா கீறா அண்ணி. ஆடி மாசம், கடையில கூட்டம். ஆனா இன்னாமோ யோசிச்சிகினே கீறா" என்றார்.

6

இனி வருவது மகேஸ் சொன்னது. அவள் சொன்னதை நான் பத்து தடவையாவது மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பேன்.

ஆடித் தள்ளுபடியில் அந்தக் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அதிலும் ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது மாடியில் மகேசையும் சேர்த்துப் பதினோரு பெண்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாரமாக அவர்களோடு பேசி வைத்திருந்தாள். கோஷம் இல்லை, மனு இல்லை, வேலை நிறுத்தம் இல்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான், தண்ணீர் குடிக்க வேண்டும்.

காலை பதினொரு மணிக்குப் பதினோரு பேரும் அவரவர் இடத்தில் நின்றபடி ஆளுக்கு ஒரு பாட்டிலைத் தூக்கி, அண்ணாந்து, கடகடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். பன்னிரண்டு மணிக்கு இன்னொரு பாட்டில். பன்னிரண்டரைக்கு மகேஸ் படியிறங்கினாள்.

"அண்ணாச்சி, சாவி."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "யாவாரம் நடக்கையில வந்து நிக்கியே. செத்த பொறுத்துப் போ."

மகேஸ் போகவில்லை. அங்கேயே, கல்லாவுக்கு நேராக நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள். அதற்குப் பின்னால் இன்னொருத்தி. ஐந்து நிமிஷத்தில் பதினோரு பேர் வரிசை. பில் போட வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"என்னம்மா இது, எல்லாரும் ஒண்ணா வந்து நிக்கிய?" என்றார் அண்ணாச்சி.

"தண்ணி குட்ச்சோம் அண்ணாச்சி. போவணும்" என்றாள் மகேஸ். சத்தம் போடவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். "டாக்டரு குடின்னாரு. குடிக்கலன்னா என் கிட்னி பூடும். குட்ச்சா சாவி வோணும்."

பில் வரிசையில் காசிமேட்டு மீன்கார அம்மாள் ஒருவர் நின்றிருந்தார். ஆவணியில் மகள் கல்யாணம். இரண்டு மூட்டை துணி எடுத்திருந்தார். "இன்னா மேட்டரு?" என்று மகேசைக் கேட்டார். மகேஸ் சொன்னாள். அந்த அம்மாள் மூட்டைகளைத் தரையில் வைத்துவிட்டு நேராகப் பதினோராவது பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"நானும் காலையிலேர்ந்து பொட்டுத் தண்ணி குடிக்காம கீறேன் நைனா. மார்க்கெட்டுலயும் இதே கதைதான். மொதல்ல அந்த சாவிய குடு, அப்பால நா துட்டு குடுக்கறேன்."

அதற்குப் பிறகு கணக்கில்லை. கைக்குழந்தையோடு வந்தவள், மாமியாரும் மருமகளுமாக வந்தவர்கள், கல்லூரிப் பெண்கள் நான்கு பேர், எல்லோரும் துணியைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் சேர்ந்தார்கள். வரிசை வாசல் வரை போனது. ஆடி ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் கல்லாவில் பில் எதுவும் விழவில்லை. வரிசையில் யாரும் திட்டவில்லை என்பதுதான் அண்ணாச்சியைத் திணற வைத்திருக்க வேண்டும். திட்டினால் அவரும் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

மகேஸ் சொன்னாள், அவர் வரிசையை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை பார்த்தாராம். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தார் என்றாள். சாவியைத் தூக்கி நீட்டினார். "கொண்டுட்டுப் போங்கம்மா. இத்தன வருசமா நீங்க எம்புட்டுத் தண்ணி குடிச்சியன்னு நான் கேக்கவே இல்லியே" என்றார்.

மகேஸ் சாவியை வாங்கினாள். கல்லா மேசையில் கிடந்த கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினாள். மரக்கட்டையை அவர் பக்கம் தள்ளினாள்.

"கட்டைய நீங்களே வெச்சிக்கோங்க அண்ணாச்சி. வூட்ல பூரி தேய்க்க ஆவும். சாவி இனிமே மாடியிலயே கெடக்கட்டும்."

மீன்கார அம்மாள் முதலில் சிரித்தாராம். அப்புறம் கடையே சிரித்ததாம். அண்ணாச்சியும்தான்.

அந்த வாரமே மூன்றாவது மாடிப் பூட்டை எடுத்துவிட்டார்கள். கதவுக்கு உள்ளே நல்ல தாழ்ப்பாள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை கழுவ ஓர் ஆள், ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர்க் கேன். இதையெல்லாம் மகேஸ் என்னிடம் ஒவ்வொன்றாக, விலை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். நான் பெர்கனில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தேன். ரவி எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்றார். "என் தங்கச்சி ஜெயிச்சிட்டா" என்றேன்.

7

ஆவணி கடைசியில் ஸ்கேன் எடுத்தாள். வீக்கம் வடிந்திருக்கிறது, தொற்று இல்லை, கல் ஒன்று தானாகவே வெளியேறிவிட்டது, இப்படியே குடித்துக்கொண்டிருந்தால் சிறுநீரகத்துக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான்கு மணித் தலைவலி மாடியில் பெரும்பாலோருக்கு நின்றுவிட்டதாம். உள்பாவாடைக்கு அடியில் இருந்த மாத்திரை அட்டை காலாவதியாகிவிட்டது என்று ஒருத்தி எடுத்துக் குப்பையில் போட்டாளாம்.

நான் அனுப்பிய மிஷினைப் பற்றி இப்போது பேச்சில்லை. கயல் சித்தி கதையை வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள். அதற்காகக் கட்டை, கல்லா, தள்ளுபடி என்று மூன்று தமிழ் வார்த்தைகளை என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். அவளாகக் கேட்டுக் கற்றது இதுதான் முதல் தடவை.

நேற்று என் மதிய இடைவேளையில் மகேஸ் கடையிலிருந்தே வீடியோவில் வந்தாள். அங்கே மூன்று மணி, கூட்டம் இல்லாத நேரம். பின்னால் நைட்டிகள் தொங்கின. பேசிக்கொண்டிருக்கும்போதே பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தாள். புதிதாக வந்த டிசைன், பெரியவனின் பரீட்சை என்று என்னென்னவோ பேசினோம். நடுவில் நிறுத்தினாள்.

"இரு அக்கா, வரேன்" என்று போனை உள்பாவாடை அடுக்கின் மேல் மல்லாக்க வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கடையின் கூரைதான். மின்விசிறி சுற்றியது. யாரோ நாற்பது சைஸ் கேட்டார்கள். யாரோ ஒருத்தி மகேஸ் எங்கே என்று கேட்க, இன்னொருத்தி "மேல போய்க்கிறா" என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள். நான் ரொட்டியைக் கையில் பிடித்தபடி அந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. நான்கு நிமிஷம் கழித்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள் முகம் திரும்ப வந்தது.

"இன்னாக்கா அப்டி பாக்கற?" என்றாள். "போய்ட்டு வந்தேன்."